ஒன்பது மணி வால்வு

10 ஜூன் 2014, செவ்வாய்

இணையத்தில் மருத்துவக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். அங்கே என் பெயர் வராது, பெண் மருத்துவர் என்று மட்டும் இருக்கும். சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்று எங்கள் ஊர் ஒரகடத்துப் பெண் ஒருத்தி நேற்றுக் கேட்டிருந்தாள். நிறையத் தண்ணீர் குடி, அடக்கி வைக்காதே என்று எழுதினேன்.

இன்று காலை மறுமொழி வந்தது. “ரெண்டாம் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா பாத்ரூம்ல தண்ணி இருக்காது மேடம். வீட்டுக்காரம்மா ராத்திரி ஒன்பதுக்கே வால்வை அடைச்சிருவாங்க. அதான் தண்ணியே குடிக்கிறதில்ல. அவங்களும் டாக்டர்தான். கேட்டா ஏசுவாங்க.”

அந்த வால்வு என்னுடையது. மாடியில் குடியிருக்கும் பெண்களில் இரண்டாம் ஷிஃப்டுக்குப் போகிறவள் செல்வி மட்டும்தான். நான் படித்த கான்வென்ட் விடுதியில் எங்களுக்கு எல்லாமே ஒன்பது மணிக்கு அடங்கிவிடும். அதை ஒழுங்கு என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். என் கணவர் இருந்தவரை, பாவம் திறந்துவிடு என்பார். நான் கேட்டதில்லை.

மதியம் வேலைக்குக் கிளம்பியவளை கேட்டில் நிறுத்தினேன்.

“செல்வி, இனிமேல் ராத்திரியும் தண்ணி வரும்.”

“ஏம்மா, வால்வு ரிப்பேராயிட்டா?”

“ஆமாம்” என்றேன். எனக்குப் பொய் வராது. வந்துவிட்டது.

ஆனால் தண்ணீர் மட்டும் போதாது. சிறுநீரைச் சோதிக்க வேண்டும். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் யாரென்று சொல்ல மனம் வரவில்லை. மாலையில், “வீட்டுக்கார அம்மாவிடமே போய்க் காட்டு. ஏச மாட்டார்” என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

நாளைக் காலை இறங்கி வருவாள். ஏசாமல் இருக்க வேண்டும்.