நடையில் பிழை இல்லை

12.7.2006

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மேட்டுக்காட்டில் கிழங்கு பிடுங்கினோம். பன்றி தின்றது போக மீதிதான் எங்களுக்கு.

மகள் அனுவின் நோட்டில் எழுதுகிறேன். முன்பக்கமெல்லாம் சின்னச் சின்னக் கட்டம் போட்டு, சிலதில் மட்டும் கறுப்பு அடித்து வைத்திருக்கிறாள். ஏதோ கோலம் போல. அதைத் தொடாமல் பின்னாலிருந்து எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்ற படிப்பு எனக்கு. எழுத்துப்பிழை பார்த்துச் சிரிக்க இப்போது அவள் இல்லை.

போய் நாற்பத்திரண்டு நாள். மூளைக்காய்ச்சல். பத்தொன்பது வயசு.

செம்மேட்டுக் கடைக்குப் பானுமதி போன் செய்திருந்தாள். கீழே காளப்பநாயக்கன்பட்டி பிரவுசிங் சென்டரில் அனுவோடு வேலை பார்த்த பெண். "அம்மா, அனுவைப் பத்து இருவது பேரு தேடறாங்க. ஒருக்கா வந்துட்டுப் போங்க" என்றாள்.

யார் தேடுவது? தெரிந்தவர்கள் எல்லாம் வந்து அழுதுவிட்டுப் போனார்களே.

18.7.2006

மலைரோட்டின் எழுபது வளைவும் இறங்கிப் போனேன்.

கம்ப்யூட்டருக்குள் 'பட்டறை' என்று ஓர் இடம். சம்பளத்துக்கு இல்லாமல் ஆசைக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறவர்கள் கூடுகிற இடமாம். ஒருத்தர் கோயமுத்தூர், ஒருத்தர் மலேசியா. ஒருத்தர் முகம் ஒருத்தர் பார்த்ததில்லை. எல்லாம் வைத்துக்கொண்ட பெயர்கள் — கரடி, முட்டைபோண்டா. என் மகள் பெயர் 'மிளகு'.

பானுமதி படித்துக் காட்டினாள். "மிளகு தம்பி, எங்கய்யா போயிட்ட?" "தம்பி, உன் பன்னி சுவத்துக்குள்ள பூந்துக்குது, வந்து பாரு."

"தம்பியா?" என்றேன்.

"அவ சொல்லவே இல்லீங்கம்மா. தம்பின்னு கூப்பிட்டா வாயைப் பொத்திட்டுச் சிரிப்பா."

அவள் செய்த விளையாட்டையும் போட்டுக் காட்டினாள். செவப்புச் சேலைக்காரி ஒருத்தி. தலையில் கூடை. பஸ் கிளம்புவதற்குள் காட்டிலிருந்து ரோட்டுக்கு வர வேண்டும். வழியில் பன்றி, பனி, அட்டை. எழுத்து அடிக்கிற கட்டையில் ஒரு பட்டனைத் தட்டினால் நடக்கிறாள். இடது பக்கம் சாய்ந்து, காலை ஒரு இழுப்பு இழுத்து —

என் நடை.

நோட்டில் இருந்தது கோலம் இல்லை. கட்டம் கட்டமாக என் கால்.

விளையாட்டை முடிக்க மூலையில் ஒரு பட்டன். அதில் 'வாரேன்' என்று எழுதியிருந்தது. பானுமதி அதை அமுக்கப் போனாள். கையைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போக வேனில் ஏற்றும்போது அனு கடைசியாகச் சொன்ன சொல். வாரேம்மா.

"அதைத் தொடாத சாமி. அப்படியே ஸ்க்ரீனை அணைச்சுரு."

19.7.2006

தம்பி என்று கூப்பிட்டவர்களை நினைத்து வேலைக்கு நடுவில் சிரித்துவிட்டேன். சிரித்ததற்கு அப்புறம் அழுதேன்.

2.8.2006

அனு இல்லை என்பதைப் பானுமதி அங்கே எழுதிவிட்டாள். அதற்கு வந்த பதில்களைப் படிக்க ஒரு மணி நேரம் ஆனது. பட்டறையை நடத்துகிற கரடி எழுதியிருந்தது: "அம்மா, மிளகு பாதியில விட்டதை நாங்க முடிக்கறோம். ஆகஸ்ட் பதினஞ்சு எங்க போட்டி. அதுக்கு அவங்க பேர்லயே அனுப்பறோம்."

சரி என்று சொல்லச் சொன்னேன். மகள் பெயரை யாரோ சொல்கிறார்கள். வேறு என்ன வேண்டும்?

9.8.2006

இன்றைக்கும் கீழே சென்டருக்குப் போனேன்.

முடித்துவிட்டார்கள். பன்றி அழகாக ஓடுகிறது. பனி இறங்குகிறது. சேலைக்காரி நேராக நடக்கிறாள். பட்டாளத்துக்காரன் மாதிரி.

கீழே என்னென்ன திருத்தினோம் என்று வரிசை. பானுமதி படிக்கத் தயங்கினாள். படி என்றேன்.

"நடையில் பிழை: இடது கால் சரியாக விழவில்லை. திருத்தப்பட்டது. வெளியேறும் பொத்தானில் தவறுதலாக 'வாரேன்' என்று இருந்தது. 'வெளியேறு' என்று மாற்றப்பட்டது."

"யாருடா நீங்க? எங்காலைத் திருத்தறதுக்கு யாருடா நீங்க?"

பானுமதி விரலைக் கட்டைமேல் வைத்தாள். "அப்படியே அடிக்கட்டுங்களா?"

"அடி. 'டா'வை மட்டும் எடுத்துரு."

ஒன்றை அவளிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். அனு நடை பழகும்போது நான் நடப்பதைப் பார்த்து அவளும் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். ஊர் சிரித்தது. நேரா நடடி என்று காலிலேயே அடித்தேன். ரெண்டு வயசுக்குள் சரி செய்துவிட்டேன்.

அதை அவள் மறக்கவில்லை போல. இல்லை, அவளுக்கு நினைவே இல்லாமல், என் நடை பிடித்துத்தான் போட்டாளா? யாரைக் கேட்பேன்?

11.8.2006

பானுமதி போனில் கரடியின் பதிலைப் படித்தாள். "மன்னிச்சுக்குங்கம்மா. ஆனா புதுசா பாக்கறவங்களுக்கு அது தப்பாத்தான் தெரியும். மார்க் கொறைச்சுருவாங்க. மிளகு ஜெயிக்கணும்னுதான் மாத்துனோம்."

வந்து அனு அப்பாவிடம் சொன்னேன்.

"வுட்டுரு. பொம்மை நேரா நடந்தா என்ன, கோணி நடந்தா என்ன? புள்ளையே போயிருச்சு."

"புள்ள போனதாலதான் கேக்கறேன். இருந்திருந்தா அவளே கேட்டிருப்பா."

அவர் எழுந்து காட்டுக்குப் போய்விட்டார். விட மாட்டேன்.

13.8.2006

சென்டரில் கம்ப்யூட்டர் தலைமேல் ஒரு சின்னக் கேமரா இருக்கிறது, வெளிநாட்டில் இருப்பவர்களோடு முகம் பார்த்துப் பேச. அதன் எதிரே நாற்காலிகளை ஒதுக்கச் சொன்னேன். பானுமதிக்குக் கொண்டுபோன கிழங்குக் கூடையைத் தலையில் வைத்து, சுவருக்கும் கதவுக்கும் நடந்தேன்.

பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவன் ஒருத்தன் சிரித்தான்.

"நல்லா சிரி சாமி. திரும்பியும் வாரேன், பாத்துக்க."

நாலு தடவை நடந்தேன். பானுமதி அதைப் படம் பிடித்துப் பட்டறைக்கு அனுப்பி, நான் சொல்லச் சொல்ல அடித்தாள்:

"அனு ஆறு மாசக் கொழந்தையா இருக்கையில, மிளகு பறிக்கற ஏணியில இருந்து நான் விழுந்து ஒடிஞ்ச கால் இது. எம்மக பாத்துப் பாத்துப் போட்டது. எங்களுக்குப் பரிசு வேண்டாம். நேரா நடக்கற பொம்பளை வேணும்னா வேற ஒருத்தியைப் போட்டு, வேற பேரு வெச்சுக்குங்க. அப்புறம், எங்க பக்கம் ஊட்டை விட்டுக் கெளம்பறவ யாரும் 'போறேன்'னு சொல்ல மாட்டா. திரும்பி வரணும்னுதான் 'வாரேன்'ங்கறது. அதுவும் தப்பில்லை."

கடைசி வரிக்குப் பானுமதி மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடித்தாள். நான் அழவில்லை.

16.8.2006

சாய்ந்து நடக்கிறாள். மூலையில் 'வாரேன்' இருக்கிறது.

திருத்த வரிசையில் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்: "நடையில் பிழை இல்லை. நாங்கள் திருத்தியதுதான் பிழை."

பரிசு கிடைக்கவில்லை. மார்க் போட்டவர் ஒருத்தர் 'நடை சரியில்லை' என்று நாலு மார்க் குறைத்திருக்கிறார். குறைக்கட்டும். அவர் கண்ணில் பட்டிருக்கிறதே.

21.2.2007

மிளகு காயப்போட்டுவிட்டு, அனு அப்பாவைக் கோழி பார்க்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். "பொம்மைக்காரங்களைக் கேட்டதாச் சொல்லு" என்றார். கேலிதான். ஆனால் சொன்னார்.

பட்டறையில் எனக்கும் ஒரு பெயர் பதிந்திருக்கிறாள் பானுமதி — மிளகம்மா. அது என்னமோ, எந்தப் பொம்மை நடந்தாலும் இப்போது என்னிடம் காட்டுகிறார்கள். மலேசியாக்காரர் மூட்டை தூக்குகிற ஆள் ஒருத்தனைப் போட்டு, சரியாம்மா என்று கேட்டிருந்தார். "முதுகுல சுமை இருக்கறவன் இப்படிக் கையை வீச மாட்டானுங்க. திருத்துங்க" என்றேன். கரடி ஒரு சிரிப்புப் பொம்மை போட்டது.

கிளம்புமுன் அனுவின் விளையாட்டைக் கேட்டேன். நானே ஓட்டினேன். ரெண்டு தடவை பன்றி தள்ளிவிட்டது. மூணாவது தடவை, காலை இழுத்து இழுத்து, பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

பானுமதி வழக்கம்போல ஸ்க்ரீனை அணைக்கக் கை நீட்டினாள்.

"இரு கண்ணு" என்றேன்.

அம்புக்குறியை மூலைக்குக் கொண்டுபோகக் கொஞ்ச நேரமானது. வாரேன் என்பதன் மேல் வைத்து, நானே அமுக்கினேன்.