துவைக்காத கையுறை

அன்புள்ள அப்பாவுக்கு, ரோஸ்லின் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சௌக்கியம். சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா?

போன வாரம் மியூசியத்தில் சின்னச் சலசலப்பு, பயப்படாதீர்கள். இங்கே பாலாநகர் பட்டறைத் தொழிலாளிகள் கழித்துப்போட்ட கையுறைகளை ஸ்வப்னா என்கிற சிற்பி ஒன்றாகத் தைத்து, ஒரு சுவரையே மூடியிருக்கிறார். அறங்காவலர் ஒருவர், "இந்தக் குப்பையை எடுங்க மேடம்" என்றார். "நக்கோ சார்", முடியாது என்றேன், இந்த ஊர்ப் பேச்சிலேயே. எடுத்தால் என் டைரக்டர் நாற்காலியையும் சேர்த்து எடுக்கவேண்டிவரும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொழிலாளிகள் குடும்பத்தோடு பார்க்க வந்தார்கள். ஒரு அம்மாள் ஒரு கையுறையின் கருகிய கட்டைவிரலைக் காட்டி, "இதி நாதே!" என்று தெலுங்கில் கூவினார். தன்னுடையதாம். பக்கத்தில் நின்ற அறங்காவலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த விரலைக் குனிந்து பார்த்தார். சுவர் அப்படியே இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

சித்தப்பா இன்னும் "செத்த காலேஜ்லயா வேலை?" என்று மியூசியத்தைக் கிண்டலடிக்கிறாராமே. அடிக்கட்டும்.

பரணில் உங்கள் பழைய வெல்டிங் கையுறை இருக்கும். கொரியரில் அனுப்புங்கள், துவைக்காதீர்கள். ஸ்வப்னா சுவரில் இடம் தருகிறேன் என்றார். இரண்டு நாள் நான் போட்டுக்கொண்டு, அப்புறம் கொடுக்கிறேன்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்,
ரோஸ்லின்,
டைரக்டர், செத்த காலேஜ்.