பனிக்காற்றில் அடித்த மணி

என் கண்ணு மாரிட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை ரூனாவும் சுகம், அந்த ஹூஸ்டன் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் ஆன்டர்ஸும் வாடாமல் இருக்கக் கர்த்தர் துணை நிற்கட்டும். டகோட்டாவில் இந்த வருஷம் வேலிக் கம்பியே தெரியாத பனி. அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் டிராக்டரை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார், அவர் பிடிவாதம் உனக்குத் தெரியாததா.

ஆன்டர்ஸை வீட்டிலேயே படிக்க வைக்கப் போவதாகச் சொல்லி, நான் ரூனாவை ஏன் பள்ளியிலிருந்து நிறுத்தினேன் என்று கேட்டிருந்தாய், அவன் பாடத்துக்கு நம் வாசல் மணியைத் தரச்சொல்லியும் கேட்டிருந்தாய். போனில் சொன்னால் ரூனா காதில் விழும், அதனால்தான் இந்தக் கடிதம். எங்கள் சபையில் ஒருத்தி வேதம் சொல்லிக்கொடுக்கப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கிறாள், ஒருத்தி பிள்ளையின் இழுப்பு நோய்க்காக. எனக்கு ரூனாவின் திக்குவாய். பஸ்ஸில் அவள் பேரையே இழுத்து இழுத்துச் சொல்லிக் கேலி செய்தார்கள், பிள்ளை பேச்சையே விட்டுவிட்டாள். பெற்ற வயிறு தாங்குமா? சமையலறை மேசையைப் பள்ளிக்கூடமாக்கினேன். ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த பழைய பள்ளியின் மணியை அப்பா ஏலத்தில் எடுத்து வாசலில் மாட்டினார், தினமும் காலையில் அதை அடித்துத்தான் பாடம் தொடங்குவேன். போன குளிர்காலத்தில் பனிக்காற்று கண்ணை மறைத்த ஒரு நாளிலும், நாம்தான் வீட்டுக்குள் இருக்கிறோமே என்று அடித்தேன். அன்று ரூனா திக்காமல் படித்தாள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் பார்க்கிறேன், ஒரு வரி படித்துவிட்டு நிறுத்துகிறாள், யாரோ அடுத்த வரி படித்து முடிக்கக் காத்திருப்பதைப்போல. மேசையைச் சுற்றி எல்லா நாற்காலியும் இழுத்துப் போட்டிருந்தது, ஒவ்வொன்றின் கீழும் ஈரம், வீடெல்லாம் நனைந்த கம்பளி வாடை. ஒருநாள் போனில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்கிறதே என்றாயே, நான் ரேடியோ என்றேன். வீட்டில் ரேடியோ ஏது மாரிட்.

பக்கத்துப் பண்ணை ஹெல்காவிடம் சொன்னபோது அவள் முகம் வெளுத்துப் போயிற்று. "அடிப்பாவி, அந்த மணியைப் பனிக்காத்துலயா அடிச்ச? வழி தெரியாத பிள்ளைங்க சத்தத்தைப் பிடிச்சு வந்து சேரணும்னு அடிக்கிறதாச்சே! எங்க அம்மா காலத்துல ஒரு பனிக்காத்துல டீச்சருக்குக் கை ஓய்ஞ்சு மணியை நிறுத்திட்டாங்களாம். பனி உருகினப்புறம்தான் அந்தப் பிள்ளைங்க உடம்பைக் கண்டெடுத்தாங்க" என்றாள். அதற்கடுத்த வாரம் ரூனா கோட்டுகூட இல்லாமல் வேலியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் பிடித்தால், "விடும்மா, அவங்க வீட்டுக்குக் கூப்பிடறாங்க" என்று ஒரு திக்கல்கூட இல்லாமல் சொல்கிறாள். மறுநாளே மணியைக் கழற்றிவிட்டு அவளை டவுன் பள்ளியில் சேர்த்தேன். சாயங்காலம் பஸ் டிரைவர் இறக்கிவிட வந்தவர், "உங்க வாசல்லேர்ந்து பஸ் பின்னாடியே ஓடி வந்துச்சே, அந்தப் பசங்க யாரும்மா? ஸ்கூல் கேட்டுலயே நின்னுட்டிருந்துச்சுங்க, ஒண்ணுக்கும் கோட்டு இல்ல" என்று கேட்டார். அன்றைக்கே மணியைத் திரும்ப மாட்டினேன்.

இப்போது ரூனா பஸ் ஏறியதும் மணி அடிக்கிறேன். நாற்காலிகளை இழுத்துப் போட்டு, வெறும் மேசையைப் பார்த்துப் பாடம் நடத்துகிறேன், அவளைத் தேடிக்கொண்டு அவர்கள் போய்விடக் கூடாதே. நாற்காலிகளுக்குக் கீழே இருக்கும் ஈரத்தை அப்பா துடைத்துவிடுகிறார். அதனால் மணியைக் கேட்காதே, தர மாட்டேன். பிள்ளையை வீட்டில் தாராளமாகப் படிக்க வை, ஆனால் மணி அடித்துக் கூப்பிடாதே.

நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். ஆன்டர்ஸுக்கு என் முத்தம். வருவதானால் கோடையில் வாருங்கள், பனிக்காலத்தில் வேண்டாம். காலையில் கூப்பிடாதே, எனக்கு வகுப்பு இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதே. ரூனாவுக்குத் திக்கல் திரும்ப வந்துவிட்டது, உன்னிடம் போனில் பேசும்போது அவள் திக்கினால் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிரு. என்றைக்காவது திக்காமல் கடகடவென்று பேசினால், அவளைப் பேச்சிலேயே பிடித்து வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை போனிலிருந்து உடனே என் செல்லுக்குக் கூப்பிடு.

உன் அம்மா,
சிக்ரிட்