சாயங்கால எண்ணெய்

நவம்பர் 4, செவ்வாய்

மேகமூட்டம். மழை இல்லை. கொடியில் போட்ட துணியெல்லாம் துறைமுகத்து நிலக்கரித் தூசி.

தம்பிக்குத் தடுப்பூசி வெள்ளி. அரிசியில் வண்டு. சிலிண்டர் சொல்ல வேண்டும்.

கீழ்வீட்டு செல்வி வந்தாள். பிள்ளை பிறந்து இரண்டு மாதம். "எக்கா, நீங்க விளக்குல ஊத்துவியள்லா, அந்த எண்ணெய் கொஞ்சம் கலந்து தாங்க. கொசுவர்த்தி வச்சா பிள்ளைக்கு மூச்சு முட்டுது."

சரி என்றுவிட்டேன். மூத்தவள் யாழினி போனபின் அதைத் தொடவில்லை. போன மழைக்கு டெங்கு. ஐந்தே நாள். நாலு வயது. அப்போது வயிற்றில் தம்பி.

நவம்பர் 5, புதன்

வேப்பெண்ணெய் மூன்று பங்கு, புன்னை எண்ணெய் ஒரு பங்கு. மருந்துக்கடை அண்ணாச்சி: "புன்னை எண்ணெய் இப்ப யாரு கேக்கா? மர வள்ளத்துக்குப் பூசத்தான் வாங்குவாவ; வள்ளமெல்லாம் ஃபைபர் ஆயிட்டு."

கலக்கினேன். அந்த வாசனை. கை கழுவியும் போகவில்லை.

நல்ல எண்ணெய்தான். அலமாரிக்கு எறும்பு வராது, சாயங்காலம் காதருகே ரீங்காரம் இருக்காது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஏற்றி, ராத்திரி வலையும் கட்டி, இனி பயமில்லை என்று இருந்தேன். மத்தியானம் யாழினி அடுப்படியில் தண்ணீர் டிரம் பக்கம் பாயில் தூங்குவாள். அங்கேதான் குளிர்ச்சி. வலை கிடையாது, விளக்கு கிடையாது.

விலங்கியல், இரண்டாம் ஆண்டு, ஐந்து மார்க் கேள்வி. டெங்குக் கொசு ஏடிஸ் பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் முட்டையிடும். படம் வரைந்து எழுதினேன்.

இவரிடம் சொன்னதில்லை. "நீ என்னளா செய்வ, விடு" என்பார். அதைக் கேட்க முடியாது.

நவம்பர் 6, வியாழன்

பாட்டிலைக் கொடுத்தேன். "இனி கவலையில்ல எக்கா" என்றாள். தலையாட்டிவிட்டு ஏறி வந்துவிட்டேன்.

தம்பி காலில் ஒரு சிவப்பு. எறும்பா? மூன்று முறை தெர்மாமீட்டர். காய்ச்சல் இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

காலையில் மழை. ஊசி போட்டாயிற்று, தம்பி ஒரே அழுகை.

பன்னிரண்டு மணி இருக்கும். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். செல்வி பிள்ளை தொட்டிலில். கால் இரண்டும் வெளியே. டிரம் மூடாமல்.

சொன்னேன். எண்ணெய் சாயங்காலக் கொசுவுக்கு, டெங்குக் கொசு பகலில் கடிக்கிறது, பகலிலும் வலை வேண்டும், டிரம்மை மூட வேண்டும், வாரம் ஒருதரம் தேய்த்துக் கழுவ வேண்டும். மூச்சு விடாமல்.

செல்வி கேட்டாள்: "அப்ப யாழினிக்கு?"

"மத்தியானம்தான் கடிச்சிருக்கும்."

அவள் மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "காலேஜுல்லாம் படிச்சவதான நீ. இது ஒனக்குத் தெரியாதா ஏளா?"

"தெரியும்" என்றேன்.

செல்வி எழுந்து உள்ளே போய் வலையை எடுத்து வந்தாள். ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னாள்.