இருட்டில் காலைப் பிடிக்கும் வேலை

மார்ச் 4, செவ்வாய்

இன்று மதியக் காட்சியில் ஒருத்தன் என் கையை மிதித்துவிட்டான். பயத்தில் மிதித்திருந்தால் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே மிதித்தான். நடுவிரல் நகம் கறுத்துவிட்டது. நான்காவது வரிசை, ஓர நாற்காலி, பழுப்பு நிற ஷூ. மறுபடி வருவான். வரட்டும்.

புருஷன் செத்ததும் கொழுந்தன்மார் வீட்டைவிட்டுத் துரத்தினார்களே, அப்போதுகூட நான் யார் காலையும் பிடிக்கவில்லை. இந்த வயதில் சம்பளத்துக்குப் பிடிக்கிறேன். பணக்காரர்கள் வரும் தியேட்டர் இது. நாற்காலி என்று பெயர்தான், கட்டில் மாதிரி சாய்கிறது. போர்வை தருகிறார்கள். பட்டனை அழுத்தினால் காபி வருகிறது. மூன்றாம் அரங்கில் பேய்ப்படம் மட்டும்தான். திரையில் பேய் வரும் நேரம் பார்த்து இங்கே புகை விட்டு, குளிர்காற்று அடிப்பார்கள். நாங்கள் உயிரும் உடம்புமாக ஜனங்களுக்கு நடுவில் வந்து நிற்போம். அடிவயிறு கலங்கக் காசு கொடுக்கிறார்கள். எனக்கெல்லாம் அது இலவசமாகவே கிடைத்தது.

வண்டிக்கு அடியில் போக மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்து, நீட்டிய கால்களுக்கு அடியில் உருண்டு போய்க் கணுக்காலைப் பிடிக்க வேண்டும். அதுதான் என் வேலை. ஒடிசலான உடம்பு என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். என் பேத்தி செத்த பெண்ணாக வருவாள். நனைந்த வெள்ளைக் கவுன், முகத்தை மூடிய தலைமுடி. கூட இன்னொருத்தன், ஆறடி, கையில் ரப்பர் கோடாலி. அவனைக் கோடாலி என்றே கூப்பிடுகிறோம். நிஜ ரத்தத்தைப் பார்த்தால் அவனுக்கு மயக்கம் வரும்.

மார்ச் 6, வியாழன்

வாசலில் ஆளுயரப் படம் ஒட்டியிருக்கிறார்கள். பேத்தியின் முகம். முடியை ஒதுக்கி, பாதி முகம் பிணமாகவும் பாதி முகம் அவளாகவும். போனில் விளம்பரமாகவும் ஓடுகிறதாம்.

மேலாளரிடம் போய் நின்றேன். நான் அவனுக்கு வைத்த பெயர் வெண்ணெய்வாயன். பேச்சு வழுக்கும், பிடி கிடைக்காது.

“தம்பி, அவ மொகம் வெளிய தெரியக் கூடாதுன்னு சேரும்போதே சொன்னேனே.”

“பாட்டிம்மா, ஊரெல்லாம் ஃபேமஸ் ஆயிடுவா.”

“அவ ஃபேமஸ் ஆக வரல. ஒளிஞ்சுக்க வந்திருக்கா.”

“மாத்திடலாம், மாத்திடலாம்.”

இதே வார்த்தை சொன்னான். மறந்துவிடும் என்று நான் எழுதுவதில்லை. நாளைக்கு “நான் எப்போ சொன்னேன்” என்பார்களே, அதற்காக எழுதுகிறேன்.

அவளைக் கட்டினவன் அடித்த அடி எல்லாம் எனக்கு மனப்பாடம். இஸ்திரிப்பெட்டி முதுகில். குக்கர் மூடி நெற்றியில். ஐந்து மாத வயிற்றில் வலது கால். பிள்ளை தங்கவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் அரை டிராயரோடு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணுக்காலுக்கு மேலே பைக் சைலன்சர் சுட்ட தழும்பு. உருகி உறைந்த பிளாஸ்டிக் மாதிரி வழவழவென்று. “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா” என்று அவளிடம் சொன்னது யார்? அவள் அப்பன். நான் பெற்ற திருவாளர். அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினவள்தான் நான், மகன் முகத்தில் இன்னும் விழிக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வேலைக்குச் சேர்ந்த அன்றே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சட்டம் ஒன்று. உள்ளே யாருக்காவது ஆபத்து என்றால் இரண்டு கையையும் தலைக்கு மேல் விரித்துத் தூக்க வேண்டும். மேலே அறையில் இருக்கும் ஆபரேட்டர் பார்த்துவிட்டு விளக்கைப் போடுவான்.

இன்று வெண்ணெய்வாயன் பேத்தியிடம், “ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டு நடந்து வாம்மா, செமயா இருக்கும்” என்றான்.

“சார், அது லைட்டுக்கு வெச்ச கையாச்சே” என்றான் கோடாலி.

“அது வேற, இது வேற.”

எது வேறு? கை அதே கைதானே?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பலகை போகும் வழியில் ஒவ்வொரு நாற்காலிக்கும் கால்பலகை இருக்கிறது. அதற்கு அடியில் கத்தரிக்கோல் மாதிரி இரண்டு இரும்பு. மடங்கும்போது விரல் சிக்கினால் போனதுதான். கரண்டு இல்லாதபோது மடக்குவதற்கு அடியில் ஒரு கம்பி தொங்கும். இழுத்தால் படீரென்று மூடும். “அந்தக் கம்பி பக்கம் கையே போகக் கூடாது பாட்டி” என்று கோடாலி தினமும் சொல்கிறான்.

மார்ச் 15, சனி

எழுதியே தீருவேன்.

மதியக் காட்சி. பாதிப் படம். நான் மூன்றாம் வரிசைக்கு அடியில் கிடந்தேன். பேத்தி நடைவழியில் வந்துகொண்டிருந்தாள். ஒரு சத்தம் கேட்டது. அறை விழுந்த சத்தம். அது எந்தச் சத்தம் என்று எனக்குத் தெரியாதா? படத்தில் வரும் அறை வேறு, சதையில் விழும் அறை வேறு.

அவளைக் கட்டினவன் குரல். “போஸ்டர்ல பல்லக் காட்டுறியாடி?”

தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து நாற்காலிக் கைப்பிடியில் அவள் வாயை இடித்தான். ஒரு தரம் இல்லை. கால்களின் இடைவெளி வழியாக எல்லாம் தெரிந்தது. அவள் கையைத் தூக்கினாள். இரண்டு கையும். விரித்து. விளக்கு வரவில்லை.

கைதட்டினார்கள். பாவிங்களா, கைதட்டினாங்க! ஒருத்தி விசிலடிச்சா. போனைத் தூக்கிப் படம் புடிச்சாங்க. நான் உள்ளேயிருந்து கத்தினேன், “நெசமா அடிக்கிறான்டா, லைட்டப் போடுங்கடா!” பக்கத்தில் இருந்தவன் என்னை மாதிரியே கீச்சுக்குரலில் “லைட்டப் போடுங்கடா” என்றான். அரங்கமே சிரித்தது. வெளியே வர ஒருத்தன் காலைப் பிடித்து இழுத்தேன். அவன் கூச்சத்தில் நெளிந்தான்.

நான் வெளியே வருவதற்குள் பேத்தியை வயிற்றில் உதைத்துவிட்டு நடந்தான். கதவுப் பக்கம் போய்த் திரும்பினான். கைதட்டலுக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

தலையை ஆட்டினான்.

மார்ச் 16, ஞாயிறு

முன்பல் ஒன்று போயிற்று. உதட்டில் தையல். நேற்று ஈரத்துணியால் அவள் முகத்தைத் துடைத்தேன். வேஷத்துக்குப் பூசிய சிவப்பு ஒரே துடைப்பில் போய்விட்டது, சீனிப்பாகு வாசனையோடு. மற்றது துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

கோடாலி அங்கேதான் நின்றிருக்கிறான். தொடும் தூரத்தில். “எனக்குச் சொல்லாம புது சீன் வெச்சுட்டாங்கன்னு நெனச்சேன் பாட்டி” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவனிடம் கோபம் வரவில்லை. வந்தது, அடக்கிக்கொண்டேன்.

போலீஸுக்குப் போனோம். அங்கிருந்தவர் தியேட்டருக்குப் போன் போட்டுக் கேட்டார். வெண்ணெய்வாயன் என்ன சொன்னான் தெரியுமா? “அது ஷோவுல ஒரு பகுதிதான் சார், கொஞ்சம் ஓவராயிடுச்சு.” தியேட்டர் பேர் கெட்டுவிடுமாம். எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இனி அவனுக்கு எங்கே பயம்? ஊரே கைதட்ட அவளை அடிக்க ஓர் இடம் இருக்கிறது. டிக்கெட் வாங்கினால் போதும்.

மார்ச் 19, புதன்

வெண்ணெய்வாயன் கூப்பிட்டு அனுப்பினான். அன்றைய காட்சி பிரமாதம் என்று ஜனங்கள் எழுதுகிறார்களாம், மறுபடி கேட்கிறார்களாம். “ஒரு ஸ்டண்ட் ஆளைப் போட்டுத் தினம் அதே மாதிரி பண்ணலாமா? அடி மேல படாது, நான் கேரண்டி.”

மேஜையில் அவனுக்கு அப்போதுதான் கொண்டுவந்த காபி ஆவி பறந்துகொண்டிருந்தது. பேத்தி எடுத்து அவன் மடியில் ஊற்றினாள். குதித்தான் பாருங்கள்! பேய் பிடித்தவன்கூட அப்படிக் குதித்ததில்லை. வேலையைவிட்டு அனுப்பவும் துணியவில்லை. வாசலில் நிற்பது அவள் முகமல்லவா?

வெளியே ஆபரேட்டர் காத்திருந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது. “இனிமே கை தூக்கினா எவன் என்ன சொன்னாலும் லைட் வரும் பாட்டி. என் புள்ள மேல சத்தியம்.” பார்க்கலாம் என்றேன்.

மார்ச் 21, வெள்ளி

நாளை பேத்தி வேலைக்குப் போகிறாளாம். வேண்டாம் என்றேன். “வீட்டுக் கதவு மட்டும் இரும்பா பாட்டி?” என்று கேட்டாள்.

மார்ச் 22, சனி

மதியக் காட்சி. புகை போட்டாயிற்று. மூன்றாம் வரிசை, நடைவழி ஓரம். வழக்கம்போல ஒரு வலது கணுக்காலைப் பிடித்தேன்.

கட்டைவிரலுக்கு அடியில் வழவழவென்று ஒன்று தட்டியது. உருகி உறைந்த பிளாஸ்டிக்.

என் விரல் அங்கேயே நின்றுவிட்டது. அவன் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. காலை உதறினான், ஈயை விரட்டுகிற மாதிரி. அவன் பார்வை எல்லாம் நடைவழியில். அங்கே அவள் வந்துகொண்டிருந்தாள், தையல் போட்ட உதட்டோடு. அவன் எழுந்திருக்கக் காலைக் கீழே இறக்கினான்.

இந்தக் கால்தான். இந்தக் கால்தான் என் பேத்தி வயிற்றில்.

இறங்கிய காலை இரண்டு கையாலும் இழுத்து இரும்புக்கு நடுவில் கொடுத்தேன். கம்பியை இழுத்தேன்.

எலும்பு முறியும் சத்தம் காய்ந்த விறகு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஈரமாக இருந்தது. அவன் போட்ட அலறலில் படத்துப் பேயே அடங்கிவிட்டது. நான் கம்பியை விடவில்லை. முழங்கையில் அவன் இன்னொரு காலால் மிதித்தான், மிதித்தான், தோல் பிய்ந்தது. விடவில்லை.

கைதட்டினார்கள்.

“ஐயோ, நெசமாவே கால் ஒடஞ்சிருச்சு! லைட்டப் போடுங்க!” என்று கத்தினான். யாரோ கீச்சுக்குரலில் “லைட்டப் போடுங்க” என்றார்கள். சிரித்தார்கள். இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

பேத்தி அவன் முன்னால் வந்து நின்றாள். முடியை ஒதுக்கினாள். அவன் அவளிடம் கெஞ்சினான், “சொல்லு, இவங்ககிட்ட நீயாவது சொல்லேன்.” அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நெடுநேரம் என்று எனக்குத் தோன்றியது. பிறகு இரண்டு கையையும் தூக்கினாள்.

விளக்கு வந்தது.

அவன் இடுப்பிலிருந்து ஒரு கத்தி நழுவி விழுந்து கிடந்தது. முன்வரிசைக்காரி ஒருத்தி சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள். “ரப்பர்தானே” என்று அலகைப் பிடித்து எடுத்தாள். அவள் உள்ளங்கை பிளந்து, ரத்தம் முழங்கை வரை வழிந்தது. அப்போதுதான் அரங்கம் அடங்கியது. கோடாலி அந்த ரத்தத்தைப் பார்த்து மயங்கி, விழுந்த இடம் அவன் மேல். எழுந்து ஓட வழியில்லாமல் போயிற்று. ஆறடி உடம்பு உருப்படியாக உதவியது இன்றுதான்.

வீட்டுக்கு வந்து பேத்தி என் முழங்கைக்கு மருந்து போட்டாள். கேட்டேன், “ஏண்டி கையத் தூக்கின? இன்னும் கொஞ்சம் கத்த விட்டிருக்கலாம்ல?”

“நான் தூக்கினப்ப யாரும் வரல பாட்டி. அதான் தூக்கினேன்.”

எனக்கு அவ்வளவு பெரிய மனது கிடையாது.

மார்ச் 24, திங்கள்

இந்தத் தடவை ஒரு பெண் போலீஸ் வந்தாள். கத்தி, பிளந்த உள்ளங்கை, கைதட்டினவர்கள் போனில் பிடித்த படம் எல்லாமே அவள் கையில். சனிக்கிழமைப் படம் மட்டுமில்லை, முந்தைய வாரத்ததும். தலையை ஆட்டினானே, அதுவும் தெளிவாக விழுந்திருக்கிறது. ஷோவில் ஒரு பகுதி என்று சொன்ன வெண்ணெய்வாயனையும் உட்காரவைத்துக் கேட்டாள். அவன் வாயில் இன்று வெண்ணெய் இல்லை.

கடைசியில் என்னிடம் வந்தாள். “பாட்டி, அவன் கால் எப்படி மாட்டிச்சு?”

“மிஷினு சமாச்சாரம்மா. நமக்கு என்ன தெரியும்?”

என் முழங்கையையே பார்த்தாள். “மிஷினை ரிப்பேர் பாக்கச் சொல்லுங்க” என்று எழுந்துவிட்டாள்.

ஏப்ரல் 2, புதன்

ஜெயில் ஆஸ்பத்திரியில் அவன் காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்களாம். ஜாமீன் இல்லை. என் மகன் போன் செய்து, “என்ன இருந்தாலும் மாப்பிள்ளை...” என்று ஆரம்பித்தான். வைத்துவிட்டேன்.

மே 11, ஞாயிறு

வெண்ணெய்வாயன் போய்ப் புது மேலாளர் வந்திருக்கிறார். வாசலில் இருந்த முகத்தைக் கிழித்தாயிற்று. காட்சி ஆரம்பிக்கும் முன் விளக்கெல்லாம் எரிய, வேஷத்தோடு பேத்தி முன்னால் வந்து நிற்கிறாள். பல் போன இடத்தை மறைக்காமல் பேசுகிறாள். “எங்கள்ல யாராவது ரெண்டு கையையும் இப்படித் தூக்கினா அது நடிப்பு இல்ல. உக்காந்து பாக்காதீங்க. எழுந்து வாங்க.” யாரும் சிரிப்பதில்லை. அவள் சொல்கிற விதம் அப்படி.

இன்று இரண்டாம் வரிசையைத் தாண்டி நடைவழிக்கு உருண்டு வந்தேன். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. சுளுக்கு என்றால் சாதாரணச் சுளுக்கு இல்லை, உயிர் போகிற வலி. என்னையறியாமல் இரண்டு கையும் மேலே போய்விட்டது.

மறு நொடி விளக்கு. திரை நின்றது. போர்வைகளை உதறிப்போட்டு அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். பாப்கார்ன் கொட்டியது. ஒரு பெண் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்து என் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒருத்தன் மண்டியிட்டு என் காலைப் பிடித்து நீவினான். ஷூவைப் பார்த்தேன், பழுப்பு நிறம். அவனேதான். பேத்தி எல்லாரையும் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

“என்ன பாட்டி, என்ன ஆச்சு?”

வெட்கமாக இருந்தது, சுளுக்குதான் என்று சொல்ல. சுற்றிலும் முகங்கள். அத்தனையும் வெளுத்துப்போய், என்னையே பார்த்துக்கொண்டு. அன்றைக்கு எங்கேடா போயிருந்தீங்க எல்லாரும் என்று கேட்க வாய் வரை வந்தது.

வலி விட்டுவிட்டது. கையை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் தூக்கியே வைத்திருந்தேன்.