பார்க்க என்ன இருக்கிறது

வில்லியனூர்
வெகுதானிய வருஷம், ஆவணி மாதம் 9ந் தேதி

சைகோனில் மகள் வீட்டில் இருக்கும் சௌபாக்கியவதி உமையாளின் தாயாருக்கு, வில்லியனூர் கடைத்தெரு பச்சையப்பன் எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நீயும், மகள் உமையாளும், மாப்பிள்ளை ஏகநாதன் அவர்களும், பேரனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கத் திருக்காமீசரை வேண்டிக்கொள்கிறேன்.

உமையாள், நீதான் இதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டப்போகிறாய். அப்பாவின் கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காமல் நிறுத்தி நிதானமாகப் படி. நடுவில் ஒன்றிரண்டு இடம் உனக்குக் கூச்சமாக இருக்கலாம். எழுதுகிற எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. அதற்காக எதையும் விட்டுவிட்டுப் படிக்காதே.

ஊர்ச் செய்தி ஒன்றும் பெரிதாக இல்லை. பசு கிடாரிக்கன்று போட்டது. கொல்லைப்புறத்து ஓடு இரண்டு உடைந்து ஒழுகுகிறது, பாத்திரம் வைத்திருக்கிறேன். எதிர்வீட்டுக் கஸ்தூரி நீ எப்போது வருவாய் என்று வாரம் ஒருமுறை கேட்கிறாள். அடுத்த கப்பலில் என்று வாரம் ஒருமுறை சொல்கிறேன். நானே ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். ரசம் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். குழம்பு வைக்கத் துணிவு வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பேறுகாலம் பார்த்துவிட்டு ஆறு மாதத்தில் வருவதாகச் சொல்லிப் புரட்டாசியில் கப்பலேறினாய். பதினோரு மாதம் ஆகிறது. மாதா மாதம் கப்பல் வந்து போகிறது. ஆனியில் உன் கடிதம் வந்தது. மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைதோறும் உங்களை எல்லாம் வண்டி வைத்து அழைத்துப் போகிறார், மிருகக்காட்சிச் சாலை பார்த்தோம், ஆற்றில் விளக்குப் போட்ட படகு பார்த்தோம், செட்டியார்கள் கட்டிய கோயில் பார்த்தோம், சமுத்திரக் கரையில் மூன்று நாள் தங்கினோம் என்று இரண்டு பக்கம். கடைசியில் ஒரு வரி. 'அங்கே வந்து நான் பார்க்க என்ன இருக்கிறது' என்று. அது நீ சொல்லி எழுதியதா, உமையாள் தானாக எழுதியதா என்று முதலில் சந்தேகப்பட்டேன். உமையாளுக்கு அவ்வளவு சுருக்கமாகப் பேச வராது. நீ சொன்னதுதான்.

கோபம் வந்தது, ஒளிக்கவில்லை. மூன்று நாள் அந்தக் கடிதத்தை அரிசி மூட்டைக்குப் பின்னால் போட்டு வைத்திருந்தேன். நாலாம் நாள், இங்கே என்னதான் இல்லை என்று உனக்கு உறைக்கிற மாதிரி பதில் எழுத உட்கார்ந்தேன். நம் கோயில், கோயில் குளம் என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. நாற்பத்தெட்டு வயதாகிறது. கடை, வீடு, பாக்குக்கும் மிளகாய்க்கும் புதுச்சேரி மண்டி. இதைத் தவிர நான் எதைப் பார்த்தேன்? நான் பார்க்காததை உனக்கு எங்கே காட்டியிருக்கப்போகிறேன்?

இன்னொரு பாக்கியும் இருந்தது. உமையாள் பிரசவத்தில் சிரமப்படுகிறாள் என்று தந்தி வந்த அன்று, தாயும் பிள்ளையும் பிழைத்தால் தம்பதியாக ஐந்து கோயில் வருகிறோம் என்று சாமியிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் உன்னையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். நம் கோயில் குருக்களிடம் கேட்டதற்கு, பிரார்த்தனையைத் தள்ளிக்கொண்டே போகக்கூடாது, சம்சாரம் கடல் தாண்டி இருந்தால் அவள் உடுத்திய புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு போகலாம் என்றார். சரி, ஊர் பார்த்ததும் ஆயிற்று, வேண்டுதல் தீர்ந்ததும் ஆயிற்று, உனக்குப் பதில் எழுதவும் சரக்கு கிடைக்கும் என்று கிளம்பினேன்.

புடவை எடுக்க உன் பெட்டியைத் திறந்தேன். எல்லாப் புடவையும் எடுத்துப் போயிருக்கிறாய். ஆறு மாதத்துக்கு அத்தனை புடவை எதற்கு என்று பெட்டி முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அடியில் அரக்குக் கூறைப்புடவை மட்டும் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

கடையைச் சாத்தி ஐந்து நாள் பூட்டுப் போட்டேன். கடைத்தெருவே வந்து, யார் தவறிவிட்டார்கள் என்று விசாரித்தது. உங்கள் ஊர் உறுவையாற்று இருசப்பனின் மாட்டு வண்டிதான் பேசினேன். அவன் மாடு இரண்டும் அவனைப் போலவே. நிற்கச் சொன்னால் நடக்கும், நடக்கச் சொன்னால் நிற்கும்.

நம் திருக்காமீசரைக் கும்பிட்டுவிட்டுத் திருபுவனை போனோம். பெருமாள் கோயில். சுவரெல்லாம் சின்னச் சின்ன உருவம், விரல் நீளம்கூட இல்லை, ஒவ்வொன்றுக்கும் முகமும் நகையும் வைத்திருக்கிறான். நீ பார்த்தால் அரை நாள் அங்கேயே நின்றிருப்பாய். அங்கே மண்டபத்தில் ஒரு குடியானவரும் அவர் சம்சாரமும் கட்டுச்சோறு பிரித்துக்கொண்டிருந்தார்கள். என் தோளில் புடவையைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள், 'இன்னாங்க, வூட்டம்மா எங்க?' என்று கேட்டாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். குளத்தண்டை இருக்கிறாள், வந்துவிடுவாள் என்று வாயில் வந்துவிட்டது. அவர்கள் எனக்கு ஓர் இலை, உனக்கு ஓர் இலை போட்டுப் புளிச்சோறு வைத்தார்கள். அவங்களும் வரட்டும், சேர்ந்து சாப்பிடலாம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சோறு ஆறுகிறது, அவர்கள் குளத்துப் பக்கம் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். நான் போய் அழைத்து வருகிறேன் என்று எழுந்தவன், குளத்தைச் சுற்றிக்கொண்டு வந்து வண்டியேறி, ஓட்டுடா என்று இருசப்பனிடம் சொல்லிவிட்டேன். இப்படி ஒரு கேவலத்தை என் ஆயுசில் பண்ணியதில்லை. அந்த இரண்டு பேரும் எவ்வளவு நேரம் காத்திருந்தார்களோ.

திரும்புகையில் ஊசுட்டேரிக் கரையில் மாட்டை அவிழ்த்தோம். ஆடியில் தண்ணீர் குறைவுதான். ஆனாலும் நடுவில் வெள்ளைப் பறவைகள் கூட்டமாக நின்றன. எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பிப் பறந்தபோது நான் பக்கத்தில் திரும்பி, அதோ பார் என்று சொன்னேன். மாடுதான் இருந்தது. மறுநாள் திருக்காஞ்சிக் கோயில். ஆற்று மணலில் இறங்கிக் குளித்தேன். முதுகு தேய்க்க எட்டவில்லை. ஒன்றும் இல்லாத விஷயம்தான், ஆனாலும் அன்று முழுவதும் மனசு சரியில்லை.

மூன்றாம் நாள் பாகூருக்குக் கிளம்பினோம். பாகூரும் நம் ஊர் போலப் பிரான்சுக்காரன் பூமிதான், ஆனால் வழியில் கொஞ்ச தூரம் இங்கிலீஷ்காரன் எல்லை குறுக்கே வரும். நீ அந்தப் பக்கம் போனதில்லை, அதனால் சொல்கிறேன். அங்கே ஒரு சுங்கச்சாவடி. நம் பக்கத்திலிருந்து பட்டு, சென்ட்டு, சாராயம் எதுவும் தீர்வை கட்டாமல் போய்விடக்கூடாது என்று மூட்டையெல்லாம் அவிழ்ப்பார்கள். என் மூட்டையில் வேட்டியும் அவலும்தான் இருந்தன. தோளில் இருந்த புடவையை ஒருவன் பிடித்துக்கொண்டான். பட்டு, மடிப்புக் கலையாதது, ஜரிகை மினுக்கென்று இருக்கிறது, இது புதுச்சரக்கு, தீர்வை கட்டு அல்லது வைத்துவிட்டுப் போ என்றான்.

தீர்வை என்னால் கட்ட முடியாதது இல்லை. கட்டினால் அது சரக்கு, யாரும் உடுத்தாதது என்று நானே கையெழுத்துப் போட்டது போலாகும். அப்புறம் எந்த முகத்தோடு அதைத் தோளில் போட்டுக்கொண்டு சாமி முன்னால் நிற்பது? இது என் சம்சாரத்தின் கூறைப்புடவை என்றேன். கல்யாணம் எப்போது என்றான். இருபத்திரண்டு வருஷம் என்றேன். அவன் சிரித்துவிட்டான். அப்படியானால் எந்தெந்த விசேஷத்துக்குக் கட்டினார்கள், ஒன்று சொல்லுங்கள் என்றான்.

நான் யோசித்தேன். உன் தங்கை கல்யாணத்துக்கு நீ அதை வெயிலில் உலர்த்தி வைத்தாய். பொங்கல் வியாபாரம் என்று நான் போகவில்லை, உன்னையும் அனுப்பவில்லை. வீராம்பட்டினம் தேருக்கு வருஷா வருஷம் கேட்டாய். வெள்ளிக்கிழமை கடை பூட்டுவதா என்றேன். உமையாள் கல்யாணத்தில் அவளுக்குத்தான் நல்லதெல்லாம், நீ பருத்திப் புடவையோடு அடுப்படியில் நின்றாய். சுங்கக்காரனுக்குச் சொல்ல ஒரு விசேஷம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. அவன் மேல் தப்பே இல்லை. வெளியே தெரிந்த மடிப்பில் ஒரு கறை இல்லை, ஓர் இழை நைந்திருக்கவில்லை. யார் பார்த்தாலும் புதுசு என்றுதான் சொல்வார்கள்.

பெண்பிள்ளைகளைச் சோதிக்க அங்கே காசம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள். அவள் வந்து புடவையை வாங்கி, மடிப்பு மடிப்பாகப் பிரித்தாள். முந்தானைக்கு வந்ததும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மூலை மட்டும் கசங்கி, சுருங்கி, மஞ்சள் ஏறி இருந்தது. 'முடி போட்ட முந்திங்க இது. கல்யாணத்துல மாப்பிள்ளை துண்டோட சேர்த்துப் போட்ட முடி. கட்டின பொடவதான். ஒரு தபா கட்டியிருக்காங்க' என்று அவனிடம் சொன்னாள். அவனும் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டான்.

காசம்மாள் திரும்ப மடித்துக் கொடுக்கும்போது, அம்மா இருக்காங்களா என்று மெதுவாகக் கேட்டாள். இருக்கிறாள், சைகோனில் என்றேன். 'அப்ப அவங்கள இட்டாந்து சுத்திக் காட்டாம, பொடவைய இன்னாத்துக்கு சாமி சுத்திக் காட்டற?' என்றாள். வேறு யாராவது கேட்டிருந்தால் நன்றாகக் கொடுத்திருப்பேன். அவளிடம் புடவையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியேறினேன்.

பாகூர் ஏரி கடல் மாதிரி இருக்கிறது. மூலநாதர் கோயில் கல்லெல்லாம் எழுத்து, நாட்டியமாடுகிற பெண்கள். நன்றாகத்தான் இருக்கும். எனக்கு எதுவும் கண்ணில் நிற்கவில்லை. அர்ச்சனைக்கு உன் நட்சத்திரம் கேட்டார்கள். உத்திரமா, உத்திராடமா என்று தெரியாமல் சாமி பேருக்கே பண்ணச் சொன்னேன்.

கடைசியாக வீராம்பட்டினம். செங்கழுநீர் அம்மன் ஆடித் தேர். கவர்னர் துரை வந்து வடம் தொட்டார், அதற்கப்புறம் ஜனங்கள் பிடித்தார்கள். எல்லாரும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். வளையல் கடை, ராட்டினம், எல்லாம் நீ கேட்டாயே அப்படியே. தேர் நிலைக்கு வருமுன்பே நான் கடற்கரைக்குப் போய்விட்டேன். நம் வீட்டிலிருந்து கடல் ஒரு காதம்கூட இல்லை. ஆனாலும் நீ முதல்முதலாகக் கடலைப் பார்த்ததே கப்பலேறப் போன அன்றுதான். புதுச்சேரிக் கடல்பாலத்தின் முனையில், கப்பலுக்குக் கொண்டுபோகும் சலங்குப் படகில் இறங்கும்போது பயப்படுவாய் என்று நினைத்தேன். நீ பயப்படவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அது எனக்கு அன்று தப்பாகப் படவில்லை. வீராம்பட்டினத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் பட்டது.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். சைகோனோடு பார்த்தால் இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு ஏரி, ஓர் ஆறு, சில கோயில், ஒரு தேர். வண்டியில் ஐந்து நாளில் முடிந்துவிடும். இதைக்கூட நான் உனக்குக் காட்டவில்லை. என் தப்புத்தான். உமையாள், இதைத் திரும்ப ஒருதரம் அம்மாவுக்குப் படி. என் தப்புத்தான்.

நீ வரவேண்டும் என்று உத்தரவாக எழுத எனக்கு வாய் இல்லை. பேரன் முகம் பார்த்துக்கொண்டு அங்கேயே இருப்பதுதான் உனக்குச் சந்தோஷம் என்றால் அதையும் குறை சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை அவர்களுக்கு என் மரியாதை. பேரனுக்கு ஆயுசும் அறிவும் பெருகட்டும். உமையாள், உனக்கு என் ஆசீர்வாதம். நீ படிப்பது இதோடு போதும் அம்மா. காகிதத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளையைப் பார்க்கப் போ.

இப்படிக்கு,
பச்சையப்பன்

இந்தப் பக்கம் உனக்கு மட்டும். நீ இரண்டாம் வகுப்பு வரை போனவள். எழுத்துக்கூட்டினால் வரும். பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன்.

கனகாம்பாள்.

உன் பேரை நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

எனக்குத் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது.

வா.