யமுனா நலம்

எடப்புளி நாடு, கொல்லிமலை
14.7.2013

அன்புள்ள உங்களுக்கு ஹேமலதா எழுதிக்கொண்டது.

யமுனா நலம். அத்தை நலம். மிளகுக் கொடிகூட நலம். என்னைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். போனில் நீங்கள் அந்த ஊர்ப் பூங்காவில் கதிர்வீச்சு இன்று இவ்வளவு, நேற்று இவ்வளவு என்று ஒப்பிக்கிறீர்கள். நான் கத்துகிறேன். அதற்குள் சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம்.

மலைக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஃபுகுஷிமாவிலிருந்து எங்களை அனுப்பி வைத்து இரண்டு வருடம் ஆகிறது. என்ன சரியாயிற்று? மழை வந்தால் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் யமுனாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி ஜன்னலைச் சாத்துகிறேன். போன வாரம் அத்தை அவளுக்கு மரவள்ளிக்கிழங்கு ஊட்டப் போனார். தட்டைப் பிடுங்கி வீசிவிட்டேன். "ஏஞ்சாமி, நம்ம காட்டுக் கெழங்குல வெசமா இருக்குது?" என்று கேட்டார். அன்று முழுக்க அவரும் சாப்பிடவில்லை. இந்த மண்ணில் ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? காத்துக்கருப்பு என்று கையில் கயிறு கட்டிவிட்டிருக்கிறார்கள். போகட்டும் என்று கட்டிக்கொண்டேன்.

எழுபது வளைவு இறங்கி நான்கு தடவை சேலம் போய், கதிர்வீச்சு தைராய்டைத் தாக்கும் என்று அவள் கழுத்தை ஸ்கேன் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை என்கிறார்கள். வீடு வருவதற்குள் மறுபடி பயம் வந்துவிடுகிறது.

உங்களிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அணு உலை வெடித்த சமயம் நீங்கள் உங்கள் தொழிற்சாலையில் மாட்டிக்கொண்டீர்கள். குழாயில் தண்ணீர் இல்லை. இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் தண்ணீர் வரிசையில் நின்றேன். பனி கொட்டியது. இவள் நாக்கை நீட்டி நீட்டிப் பிடித்துத் தின்றாள். நான் சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தேன். அதை உங்களுக்கு அனுப்பவில்லை. அழிக்கவும் கை வரவில்லை.

நேற்று முன்தினம் அங்கன்வாடி டீச்சர் சுமித்ரா வீட்டுக்கு வந்தாள். கீழே விழுந்த கொய்யாவை ஒரு பிள்ளை எடுத்ததாம். நம் யமுனா அதன் கையில் பட்டென்று அடித்துவிட்டாளாம். ஏன் கண்ணு என்று கேட்டதற்கு, "மண்ணுல கெடந்ததத் தொட்டா அம்மா அழுவாங்க டீச்சர்" என்றிருக்கிறாள். கதிர்வீச்சு பற்றி அவளுக்கு என்ன தெரியும்? நான்கு வயதுக் குழந்தை என்னைப் பார்த்துத்தானுங்க பயப்படுகிறாள்.

சுமித்ரா கிளம்பும்போது, "பாப்பாவ உடுங்கக்கா, நீங்க ராத்திரி தூங்கறீங்களா?" என்று கேட்டாள். இரண்டு வருடத்தில் இப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். நாமக்கல்லில் ஒரு மனநல டாக்டர் பெயரை எழுதிக் கொடுத்தாள். அத்தை, "பைத்தியக்கார ஆசுபத்திரிக்கா? பூபதி காதுக்குப் போனா என்னாவும்?" என்று சீட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். என் பைத்தியத்துக்குக்கூட உங்கள் சம்மதம் வேண்டுமாம், பாருங்கள்!

அதனால் அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், சீட்டைத் திருப்பித் தரட்டும். முடிந்தால் லீவு போட்டு வாருங்கள், கூட வாருங்கள். வரும்போது அந்தக் கதிர்வீச்சு மீட்டர் வேண்டாம். வந்ததும் பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால், எப்படி இருக்கிறாய் ஹேமா என்று என்னிடம் ஒரு தடவை கேளுங்கள். பதில் நீளமாக இருக்கும், உட்கார்ந்து கேளுங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். கடைசியில் எழுதுகிறேன் என்றேனே, நான் நலமில்லை.

உங்கள்
ஹேமலதா